‘வெளியேறு’ என்று சொன்ன பெட்டி

இந்த ஒரு அத்தியாயத்தை எழுதலாமா வேண்டாமா என்று வருஷக்கணக்கில் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். இந்தத் தொடரில் என் நிருபர் காலத்துக் கதைகளை வாரா வாரம் சொல்லிவிட்டேன். ஆனால் பேப்பரை விட்டுவிட்டு நான் போய்ச் சேர்ந்த வேலையைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

முதல் காரணம் பயம். மேல்மலையனூர் அங்காளம்மா போட்ட பிச்சையை நானே சம்பாதித்த மாதிரி எழுதிவிடுவேனோ என்று பயம். இன்னொரு காரணம் சிரிப்பாக இருக்கும். அந்த வேலை என்னவென்று சொன்னால் ஒருத்தருக்கும் புரிவதில்லை. யூ.எக்ஸ். டிசைனர் என்று சொன்னேன். என் மாமனார் அதை எக்ஸ்ரே என்று பிடித்துக்கொண்டார். "மாப்ள மெட்ராஸ்ல எக்ஸ்ரே எடுக்குறாரு" என்று திண்டிவனம் முழுக்கச் சொல்லிவிட்டார். முழங்கால் வலிக்காரர்கள் பெரிய பெரிய கவரைத் தூக்கிக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்ற கதையெல்லாம் உண்டு.

போன வாரம் என் மனைவி காமாட்சிதான் சொன்னாள். "எழுதிடுங்க. நீங்க எழுதலன்னா நாளைக்கு வேற எவனாச்சும் மாத்தி எழுதுவான்."

அம்மனைக் கும்பிட்டுத் தொடங்குகிறேன்.

அஞ்சலை பெரிம்மாவின் விரல்

விழுப்புரம் பக்கம் கெடாரில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் கிளை. இரண்டு அறை, ஒரு வராந்தா, ஒரு வேப்பமரம். ரோட்டோரம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காயப் போட்டிருந்தார்கள். உள்ளே டெட்டால் வாசனை, வெளியே பச்சை மல்லாட்டை வாசனை. இரண்டும் கலந்து ஒரு மாதிரி அடித்தது இப்போதும் மூக்கில் இருக்கிறது.

வராந்தாவில் ஒரு பெட்டி. ஆள் உயரத்துக்குக் கால் வைத்து, தொட்டால் வேலை செய்கிற திரை. பிரஷர், சுகர் என்று வாராவாரம் மாத்திரை வாங்க வருகிறவர்கள் அதன் முன்னால் உட்கார்ந்து தங்கள் அட்டையைக் காட்ட வேண்டும். பெட்டி பெயர் சொல்லி வணக்கம் வைக்கும். மாத்திரை ஒழுங்காகப் போட்டீர்களா, தலைசுற்றல் உண்டா என்று நாலு கேள்வி கேட்கும். பதிலைத் தொட்டால் மாத்திரைச் சீட்டு வெளியே வரும். கடைசியில் ஒரு சிவப்புப் பொத்தான். அதை அமுக்கினால்தான் அவர் கணக்கு மூடும். அடுத்தவருக்குத் திறக்கும்.

அஞ்சலை பெரிம்மா கெடார்க்காரர்தான். பிரஷர் இருந்தது. நாலு கேள்விக்கும் டக் டக்கென்று பதிலைத் தொட்டார். சீட்டு வந்தது. பிறகு விரலைச் சிவப்புப் பொத்தான் பக்கம் கொண்டுபோனார்.

விரல் அந்தரத்திலேயே நின்றது.

சுற்றும் முற்றும் பார்த்தார். விரலை இழுத்துக்கொண்டார். எதையோ தொட்டுவிட்ட மாதிரி முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அவர் எழுந்த இடத்தில் ஏழுமலை என்பவர் வந்து உட்கார்ந்தார். அவருக்குச் சுகர். திரையில் இன்னும் அஞ்சலை பெயர்தான் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. மூடாத அந்தக் கணக்கிலேயே முதல் கேள்வி மறுபடி வந்தது, பதிலைத் தொட்டார். சீட்டு வந்தது. அஞ்சலையின் பிரஷர் மாத்திரைச் சீட்டு.

நான் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து இதைப் பார்த்தேன்.

அங்கே நான் எப்படி வந்து உட்கார்ந்தேன் என்று சொன்னால்தான் மேலே போக முடியும்.

மல்லாட்டையைக் காணோம்

விழுப்புரம் தனி மாவட்டமாகப் பிரிந்த சமயம். புது மாவட்டம் என்றால் புது கலெக்டர், புது ஆபீஸ், புது கூட்டம். பேப்பர்களுக்கு ஆள் தேவைப்பட்டது. ப்ளஸ் டூவோடு நின்றுபோன எனக்குத் திண்டிவனத்தில் பகுதி நேர நிருபர் வேலை கிடைத்தது.

செய்தியை எழுதிக் கவரில் போட்டு, போட்டோ பிலிம் ரோலையும் உள்ளே வைத்து, மெட்ராஸ் பஸ் கண்டக்டரிடம் கொடுக்க வேண்டும். "அண்ணே, ஜல்தி போயிடுமா?" என்று கேட்பேன். "பஸ்ஸு போற வேகத்துல போவும். நான் ஓடியா குடுக்க முடியும்?" என்பார் கண்டக்டர்.

ஒரு தடவை எதிர்பாராத மழை. விற்பனைக்கு வந்த மல்லாட்டை மூட்டையெல்லாம் மார்க்கெட்டில் நனைந்துபோனது. உருகி உருகி எழுதி அனுப்பினேன். மெட்ராஸில் மேசையில் உட்கார்ந்திருந்தவர் நல்ல தமிழ்க்காரர். மல்லாட்டையை அடித்துவிட்டு, ‘வேளாண் விளைபொருட்கள் சேதம்’ என்று தலைப்புப் போட்டுவிட்டார்.

மறுநாள் டீக்கடையில் மூட்டை நனைந்த விவசாயி ஒருத்தர் அதே பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினார். என்னைப் பார்த்துச் சொன்னார்: "இன்னா சேகரு, நம்ம மல்லாட்டை சேதிய போடலியா?"

செய்தி அவர் கட்டைவிரலுக்கு அடியிலேயே இருந்தது. அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு சொல் மாறினால் எதிரில் இருப்பதே காணாமல் போகும் என்று அன்றைக்குப் பார்த்தேன். அது பிற்காலத்தில் சோறு போடப்போகிற படிப்பு என்று அப்போது தெரியாது.

இன்னொரு படிப்பும் உண்டு. கோர்ட்டு, ஸ்டேஷன், ஆஸ்பத்திரி என்று எங்கே போனாலும் நிருபருக்கு ஒரு பெஞ்சு உண்டு. கேள்வி கேட்டால் பதில்தான் வரும். பெஞ்சில் சும்மா உட்கார்ந்தால் சேதி வரும்.

பேர் வைக்காமலே பார்த்த வேலை

செல்போன் வந்தது, பிறகு விரலால் தொடுகிற போன் வந்தது. எங்கள் மாவட்டப் பக்கம் சுருங்கிக்கொண்டே போனது. நிருபரே விளம்பரமும் பிடித்துத் தர வேண்டும் என்றார்கள். செய்தி கேட்கப் போன வீட்டிலேயே விளம்பரமும் கேட்க எனக்கு நாக்கு வரவில்லை. வீட்டில் இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அமாவாசையும் மலையனூர் போய், "தாயே, ஒரு வழி காட்டு" என்று நின்றேன். என்ன வழி என்று எனக்கே தெரியாமல்தான் கேட்டேன்.

அந்த நேரத்தில்தான் நிவேதா வந்தார். அவருக்குச் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை. தர்ம ஆஸ்பத்திரிக்குப் பெட்டி செய்து கொடுக்கும் பொறுப்பை அவர்கள் எடுத்திருந்தார்கள். ஊர் ஊராகப் போய் ஜனங்களைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்று ஆஸ்பத்திரி மேனேஜர் என்னைக் கூப்பிட்டுவிட்டார். நிவேதா என்னைவிட வயசில் ரொம்பச் சின்னவர். முதுகில் பை மாட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார். முகம் சுளிக்கவில்லை.

பெருமுக்கல்லில் ஒரு வீட்டில், பெட்டி எப்படி இருக்கும் என்று அட்டையில் வரைந்து காட்டினார். "இது உங்களுக்கு ஈஸியா இருக்குமாம்மா?" என்றார். "ரொம்ப நல்லாருக்குது மேடம்" என்றார் அந்த வீட்டு அம்மா. அடுத்த வீட்டிலும் அதே பதில். அதற்கடுத்த வீட்டிலும் அதே பதில். ஐஸ் மோர் கூடக் கொடுத்தார்கள்.

நான் மெதுவாகச் சொன்னேன். "நிவேதாம்மா, வூட்டுக்கு வந்தவங்க கிட்ட யாரும் நல்லால்லன்னு சொல்ல மாட்டாங்க. நான் ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க சார்."

நான் அந்த மூன்றாவது வீட்டு அம்மாவிடம் பெட்டியைப் பற்றியே கேட்கவில்லை. "நேத்து மாத்திரை போட்டீங்களே, அந்த டப்பாவ எங்க வெச்சிருக்கீங்க?" என்றேன். அவ்வளவுதான். டப்பா வந்தது. வெள்ளை மாத்திரை எது, மஞ்சள் எது, மருமகள் எதை மாற்றிப் போட்டாள், அதற்கு நடந்த சண்டை எல்லாம் வந்தது. நிவேதா எழுதி மாளவில்லை.

திரும்பி வரும்போது டவுன் பஸ்ஸில் சொன்னார்: "சார், நீங்க இப்ப பண்ணீங்களே, அதுதான் எங்க வேலை. ஜனங்க ஒரு பொருளை எப்படிப் பொழங்குறாங்கன்னு பாத்து, அவங்களுக்கு ஏத்த மாதிரி அதைச் செய்யறது. அதுக்குப் பேரு யூ.எக்ஸ்."

"பேரு வெக்காமலே நாங்க பண்ணிக்கினு இருக்கோம் போல."

அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் என் வேலை முடிவானது. பொங்கல் வரைக்கும் சோதனையாக எடுத்துக்கொள்வார்கள். சரிப்பட்டால் நிரந்தரம். சரிப்படாவிட்டால் வீட்டுக்கு.

கிளம்புகிற அன்றைக்குக் காலையில் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டே, "சரி, நான் போறேன்" என்றேன்.

காமாட்சி சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வாயக் கழுவுங்க. நல்ல நாளு அதுவுமா போறேன்னுகினு. வர்றேன்னு சொல்லுங்க."

"வர்றேன்."

"இன்னொரு தபா."

"வர்றேன் தாயே."

கண்ணாடி ஆபீஸ்

சென்னை ஆபீஸில் சுவரெல்லாம் கண்ணாடி. ஏசி எலும்பைக் கடித்தது. கண்ணாடியில் மஞ்சள் சீட்டாக ஒட்டி ஒட்டி யோசிப்பார்கள். நான் என் மேசையில் அங்காளம்மன் படத்தை வைத்துக் குங்குமம் இட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து மேசைக்காரர் தினமும் காலையில் என்னிடமே விபூதி கேட்டு வாங்கிக்கொள்ள ஆரம்பித்தார்.

கம்ப்யூட்டரில் கட்டம் போடக் கற்றுக்கொண்டேன். முதலில் நான் போட்ட கட்டம் கோணிக்கொண்டு போனது. பேப்பரில் பத்தி அளவுக்குச் செய்தியை வெட்டிப் பழகியவன் என்பதால், திரையில் இடம் பார்த்துச் சொல் போடுவது மட்டும் சீக்கிரம் கைவந்தது.

அதற்குள் பெட்டி கெடாருக்குப் போய்விட்டது. நான் சேர்வதற்கு முன்பே அதில் எழுத்தெல்லாம் போட்டிருந்தார்கள். கூடவே புகாரும் வந்தது. ஒருத்தர் கணக்கில் இன்னொருத்தர் பதில் போகிறது. சீட்டு மாறுகிறது. முக்கால்வாசிப் பேர் சிவப்புப் பொத்தானை அமுக்குவதில்லை.

பொத்தான் சின்னதாக இருக்கிறது என்று பெரிதாக்கினார்கள். அமுக்கவில்லை. இன்னும் சிவப்பாக்கினார்கள். அப்படியே எழுந்து போனார்கள். கொஞ்ச நேரத்தில் தானாக மூடிக்கொள்கிற மாதிரியும் வைத்துப் பார்த்தார்கள். வயசானவர்கள் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுப் படிப்பதற்குள் பாதியில் மூடிக்கொண்டது. அதை எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து கடைசியாகச் சொல்லிவிட்டார்கள். பொங்கலுக்குள் சரியாகவில்லை என்றால் பெட்டி வேண்டாம். அந்தப் பெட்டி போனால் என் வேலையும் அதோடு போகும். இது எல்லோருக்கும் தெரியும்.

நிவேதா என்னைக் கூப்பிட்டார். "எங்க தப்புன்னு கண்டுபிடிச்சிட்டோம் சார், கடைசிப் பொத்தான்ல. ஏன்னுதான் தெரியல. நீங்க போய் உக்காந்து பாருங்க."

அப்படித்தான் அந்தப் பெஞ்சுக்கு வந்தேன்.

நா இன்னா தப்பு பண்ணேன்

ஏழுமலை கையில் மாறின சீட்டைப் பார்த்து நான் எழுவதற்குள், உள்ளேயிருந்து லூர்து சிஸ்டர் வந்துவிட்டார். அந்தக் கிளைக்கு அவர் ஒருத்தர்தான் நர்ஸ். ஊசி, கட்டு, மாத்திரை எல்லாம் அவரே. அவர் சுமையைக் குறைக்கத்தான் பெட்டியே.

சீட்டை வாங்கிப் பார்த்தார். "ஏழுமலை, எப்ப நீ அஞ்சலையா மாறின? பொடவை எங்க?" வரிசையே சிரித்தது. என்னிடம் வந்து குனிந்து சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "சார், எனக்கு மொகம் தெரியுது, புடிச்சிட்டேன். நான் லீவுல போனா, வேற ஆளு வந்தா? ஆண்டவரே, நெனச்சா ஒதறுது."

வேப்பமரத்தடியில் நின்றிருந்த அஞ்சலை பெரிம்மாவிடம் போனேன்.

ஏன் அமுக்கவில்லை என்று கேட்கக் கூடாது. கேட்டால் ‘மறந்துட்டேன்’ என்று வரும். மல்லாட்டை விலை, மழை, அவர் பேத்தி கல்யாணம் எல்லாம் பேசிவிட்டு, பெட்டிப் பக்கம் கூட்டி வந்தேன்.

"பெரிம்மா, எனக்குக் கண்ணாடி இல்ல. அந்தச் செவப்புல இன்னா எழுதியிருக்குது, கொஞ்சம் படிங்க."

எழுத்துக் கூட்டிப் படித்தார். "வெ... ளி... யே... று." படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஏன் நைனா, கேட்ட கேள்விக்கெல்லாம் ஒழுங்காத்தான பதிலு சொன்னேன். நா இன்னா தப்பு பண்ணேன்? வெளியேறுன்னுதே."

நான் அந்தப் பொத்தானைத் திரும்பிப் பார்த்தேன்.

"வந்தவங்கள வெளியேறுன்னு சொல்ற எடத்துல போயி அத நா கையால வேற தொடணுமா? நல்லாக் கீதே ஞாயம்."

ஆபீஸில் எல்லோருக்கும் அது ஒரு பொத்தான். இவருக்கு அது துரத்துகிற குரல். பொத்தானைப் பெரிதாக்கினபோது இன்னும் சத்தமாகத் துரத்தியிருக்கிறது.

கைத்தட்டலும் கம்மென்ற பெட்டியும்

ரயிலில் போகும்போதே எனக்குச் சொல் கிடைத்துவிட்டது. காமாட்சி என் சட்டையை இழுத்துச் சொல்ல வைத்த சொல். போகிறவர் சொல்லும் சொல்லாக இருக்க வேண்டும், துரத்துகிறவர் சொல்லாக இருக்கக் கூடாது. மறுநாள் கண்ணாடிச் சுவரில் என் கையால் எழுதி ஒட்டினேன்: ‘போய் வருகிறேன்.’

நிவேதா அதைப் படித்தார். கை தட்டினார். ஆபீஸே தட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மன் படத்துக்கு அன்றைக்கு இரட்டைக் குங்குமம்.

சிவப்பை எடுத்துவிட்டுப் பச்சையில் ‘போய் வருகிறேன்’ போட்டு, நானே கெடாருக்குப் போய் உட்கார்ந்தேன்.

ஏழுமலை வந்தார். எல்லாம் முடித்தார். பச்சைப் பொத்தானைப் படித்தார். நெருப்பைத் தொட்ட மாதிரி கையை எடுத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார். அடுத்து வந்தவரும் அப்படியே. அஞ்சலை பெரிம்மா இந்த முறை விரலைக் கொண்டுபோகவே இல்லை.

முன்பாவது நாலு பேரில் ஒருத்தர் அமுக்கினார். இப்போது ஒருத்தரும் இல்லை.

லூர்து சிஸ்டர் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பேஜாரு புடிச்ச பெட்டி" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வீட்டில் விழுந்த குட்டு

திண்டிவனத்துக்கு வந்து கேப்பைக் களியைத் தட்டில் வைத்துக்கொண்டு பிசையாமலே உட்கார்ந்திருந்தேன். கை கழுவிவிட்டு எழுந்து போகிறவன் மாதிரி இருந்தேன் போலிருக்கிறது. காமாட்சி விடவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

"இன்னா எழுதினீங்க?"

"போய் வருகிறேன். நீ சொல்லிக் குடுத்ததுதான்."

கரண்டியைக் கீழே வைத்தாள். "அத எங்க எழுதினீங்க?"

"பெட்டியிலதான்."

"பெட்டி எங்க கீது?"

"கெடார் ஆஸ்பத்திரியில."

"ஏங்க, உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு கீதா? ஆஸ்பத்திரியில போயி எவனாச்சும் ‘வர்றேன்’னு சொல்லுவானா? எங்கப்பாவ ஆபரேசன் பண்ணி இட்டுக்கினு வந்தப்போ நர்சம்மா கிட்ட வாய தொறந்தேனா? தலைய மட்டும் ஆட்டிட்டு வரல?"

எனக்கு உறைத்தது. சின்ன வயசிலிருந்து தெரிந்ததுதான். சாவு வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் வருகிறேன் என்று சொல்லக் கூடாது. சொன்னால் மறுபடி வர வைக்கும். நாங்களும் அப்படித்தான் இருக்கிறோம். ஆனால் ஆபீஸ் கைத்தட்டலில் அது எனக்கு மறந்தே போயிருக்கிறது. போறேன் என்றும் சொல்ல முடியாது, வர்றேன் என்றும் சொல்ல முடியாது. அந்த ஜனங்கள் நடுவில் அகப்பட்டுக்கொண்டு விரலை இழுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"அப்ப இன்னாதான் சொல்லுவாங்க?" என்றேன்.

"என்ன கேட்டா? போயி உக்காந்து கேளுங்க. அதான உங்க வேல?" என்று களியில் குழம்பை ஊற்றினாள்.

பெஞ்சு கொடுத்த சேதி

பொங்கலுக்கு வாசல் வாசலாகச் சுண்ணாம்பு அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். காலையில் பூஜை அறையில் கையெடுத்துக் கும்பிட்டேன். "தாயே, எனக்கு அறிவு வேண்டாம். காது குடு" என்றேன். மனசார அதைத்தான் கேட்டேன்.

கெடாருக்குப் போனதும் பெட்டியைத் துணி போட்டு மூடச் சொன்னேன். பழையபடி சிஸ்டரே பார்க்கட்டும். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். கையில் பேனா கூட இல்லை.

ஜனங்கள் வந்தார்கள், போனார்கள். போகும்போது ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. தலையை ஆட்டினார்கள். சிலர் அதுவும் இல்லை. வெயில் வராந்தா படி வரை வந்துவிட்டது. எனக்கு நம்பிக்கை குறைந்தது.

அப்போது உள்ளே ஏழுமலைக்கு ஊசி. மீசை வைத்த பெரிய ஆள், ஊசி என்றால் குழந்தை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தார்.

"ஆச்சா சிஸ்டர்?"

"இன்னும் போடவே இல்லய்யா."

"ஆச்சா?"

"கைய தளர்த்து. இப்ப... ஆச்சு. ஆச்சு, ஆச்சு. எழுந்துக்கோ."

ஏழுமலை கண்ணைத் திறந்தார். அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே. "ஆச்சா? அவ்ளோதானா?" என்று மீசைக்குள் ஒரு சிரிப்பு. சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே வந்தார். அவர் சம்சாரம் படியில் நின்றுகொண்டு கேட்டார்: "ஆச்சா?"

"ஆச்சு, ஆச்சு. வா."

என் உடம்பு முழுக்கப் புல்லரித்தது. காலையிலிருந்து அந்தச் சொல் என் காதில் விழுந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. கட்டுப் போட்டபோது ஆச்சு. பிரஷர் பார்த்தபோது ஆச்சு. மாத்திரை வாங்கினவரைப் பார்த்து வரிசையில் நின்றவர் கேட்டது, "உனக்கு ஆச்சா?" போவதும் இல்லை, வருவதும் இல்லை, துரத்துவதும் இல்லை. வந்த காரியம் முடிந்தது, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் அதைவிட நல்ல சொல் ஏது?

நிவேதாவுக்குப் போன் போட்டேன். "நிவேதாம்மா, ‘ஆச்சு’ன்னு போடுங்க."

"என்ன ஆச்சு சார்?"

"அதேதாம்மா. ‘ஆச்சு’ன்னு போடுங்க."

"சார், ஏதாவது பிரச்சினையா? என்ன ஆச்சுன்னு சொல்லுங்க."

விளக்கிச் சொல்லி முடித்தேன். நிவேதா கேட்டார்: "பேச்சுத் தமிழ் திரையில வேணாம்னு மேல சொல்வாங்களே சார். ‘நிறைவுற்றது’ன்னு போடலாமா?"

"போட்டா மல்லாட்டை மாதிரி காணாம போயிடும்" என்றேன். அவருக்கு அந்தக் கதை தெரியும். பஸ்ஸில் சொல்லியிருக்கிறேன்.

"சரி சார். மேல நான் பேசிக்கிறேன்" என்றார். பேசினார். அவர் அன்று பிடிவாதம் பிடிக்காவிட்டால் இந்தக் கதையே இல்லை.

ஆச்சு

போகிக்கு முந்தின வாரம் புதுப் பொத்தான் வந்தது. நல்ல மஞ்சள் நிறம். நடுவில் மூன்றே எழுத்து, பெரிதாக. நிவேதாவும் சென்னையிலிருந்து வந்துவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் பெஞ்சில். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அஞ்சலை பெரிம்மா முதல் ஆள். அட்டையைக் காட்டினார். கேள்விக்குப் பதில் தொட்டார். சீட்டு வந்தது. கடைசியில் மஞ்சள் பொத்தான். விரலைக் கொண்டுபோனார்.

விரல் நின்றது.

எனக்கு மூச்சும் நின்றது. ‘அங்காளம்மா’ என்று உள்ளுக்குள் ஒரு கத்தல்.

பெரிம்மா உதட்டை அசைத்துப் படித்தார். "ஆச்சு." பிறகு, ரொம்ப சாதாரணமாக, வீட்டு விளக்கு சுவிட்சைத் தட்டுகிற மாதிரி தட்டினார். திரை மூடியது. எழுந்து, அடுத்து நின்ற ஏழுமலையிடம், "எனக்கு ஆச்சு, நீ உக்காரு" என்றார்.

ஏழுமலை உட்கார்ந்தார். பெட்டி ‘அட்டையைக் காட்டுங்கள்’ என்றது. காட்டினார். அவர் பெயரைச் சொல்லி வணக்கம் வைத்தது. கடைசியில் அவரும் தட்டினார், வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினார்: "ஆச்சுப்பா."

வரிசை முழுக்க அப்படியே. ஒரு அம்மா தட்டிவிட்டுக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். லூர்து சிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டார். நிவேதா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கை சில்லிட்டிருந்தது. எனக்குப் பயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அவருக்கும்தான் இருந்திருக்கிறது.

அந்த மாசம் ஒரு சீட்டும் மாறவில்லை. அடுத்த மாசமும் மாறவில்லை. பெட்டி பெருமுக்கல்லுக்குப் போனது. மரக்காணம் பக்கம் கடலோரக் குப்பங்களுக்குப் போனது. அங்கே ஒரு மீனவர் சொன்னாராம், "மத்த மிஷினெல்லாம் கலெக்டரு மாதிரி பேசுது. இது ஒண்ணுதான் மனுசன் மாதிரி பேசுது." அதை நிவேதா என்னிடம் சொன்னபோது, எந்த விருதும் எனக்கு வேண்டாம் என்று தோன்றியது.

பொங்கல் முடிந்து ஆபீஸ் போனதும் நிரந்தரமாக்கினார்கள். பெயர் போட்ட அட்டை அடித்துக் கொடுத்தார்கள். முதல் அட்டையை மலையனூரில் தாயின் காலடியில் வைத்து வாங்கி வந்தேன். இரண்டாவதை மாமனாரிடம் கொடுத்தேன். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "எக்ஸ்ரேன்னுதான போட்டுக்கீது" என்றார். நானும் ஆமாம் என்றுவிட்டேன்.

ஆந்திராவுக்குப் பெட்டி போனபோது, அங்கத்திய ஆட்கள் என்னிடம் கேட்டார்கள், உங்கள் சொல்லை எப்படித் தெலுங்கில் மாற்றுவது என்று. மாற்றாதீர்கள், போய் உங்கள் ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்காருங்கள் என்றேன். உட்கார்ந்தார்கள். அவர்களுக்கும் அவர்கள் சொல் கிடைத்தது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வேலையிலும் எங்கள் ஆபீஸில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "இதுல ஆச்சு எது?"

படிப்பில்லாதவனுக்கு இது அம்மன் கொடுத்தது. அறிவு கேட்டிருந்தால் கொடுத்திருப்பாளோ என்னவோ. காது கேட்டேன், கொடுத்தாள்.

இதைப் படித்தவர்களுக்கு ஒரு விண்ணப்பம். இது நாலு பேருக்குப் பயன்படும் என்று தோன்றினால் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், வேலை போய்விட்டதே என்று தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறவர்களுக்குச் சொல்லுங்கள், போனில் அனுப்புகிறவர்கள் அனுப்புங்கள். என் பெயரை விட்டுவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் சொன்னதைச் சொன்னபடியே சொல்லுங்கள். பெரிம்மா பேசினதை அவர் பேசினபடியே விடுங்கள். மல்லாட்டையை மல்லாட்டையாகவே விடுங்கள்.

முக்கியமாக, அந்த மூன்று எழுத்தைப் பார்த்து யாருக்காவது கை துறுதுறுத்து, ‘நிறைவுற்றது’ என்று திருத்திவிடாதீர்கள். கெடாரில் அஞ்சலை பெரிம்மாவின் விரல் மறுபடி அந்தரத்தில் நின்றுவிடும்.